ஜன்னல் போன்

அக்காவைப் படுக்க வைத்திருந்த தள்ளுவண்டி வார்டு வாசலைத் தாண்டியதும், சின்னவளின் கையிலிருந்த போனில் சிக்னல் காணாமல் போனது. கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் ஒரு பெருக்கல் குறி மட்டும் நின்றது. அப்போது அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டே வந்தது. ஒவ்வொரு கத்தலுக்கும் அக்கா முகத்தைச் சுளித்தாள். வயிற்றில் போட்ட தையல் இன்னும் பச்சையாகவே இருந்தது.

பழைய கட்டடம். சுவரைக் குடைந்தால் அதற்குள்ளேயே ஒருவர் படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு அகலம். கூரை எங்கோ உயரத்தில் இருட்டாக இருந்தது. அங்கிருந்து நீளக் கம்பியில் தொங்கிய மின்விசிறிகள், சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே சுற்றின. முதலில் பினாயில் வாடை. அதற்கு அடியில் ஈரத்துணி வாடை. அதற்கும் அடியில், என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு வாடை. பூட்டியே கிடந்த அலமாரியைத் திறந்தால் வருமே, அதுபோல.

பெண்கள் வார்டு அது. இரண்டு பக்கமும் கட்டில்கள், கோடியில் ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் திட்டில் ஒரு போன், வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் சார்ஜில் போட்டு வைக்கப்பட்டிருந்தது. பார்த்தால் ஏதோ பூஜைக்கு வைத்த மாதிரி இருந்தது.

"அதுதான் ஜன்னல் போன்," என்றாள் பக்கத்துக் கட்டிலில் மருமகளுக்குத் துணையிருந்த தையல்காரம்மா. கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கியது. ஆஸ்பத்திரிக்கு வந்த அவசரத்தில் கழற்ற மறந்தவள், பிறகு அது இல்லாவிட்டால் கழுத்து வெறிச்சென்று இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டாளாம். அவளே விளக்கினாள். இந்தச் சுவருக்குள் எந்தப் போனும் வேலை செய்யாது. ஜன்னல் திட்டில் மட்டும்தான் சிக்னல். எல்லாரும் அங்கே போய் நிற்க முடியுமா? அதனால் ஒருத்தர் போனை ஹாட்ஸ்பாட் போட்டு அங்கே வைத்துவிடுவது. மற்றவர்கள் எல்லாம் படுத்த இடத்திலிருந்தே அதில் ஒட்டிக்கொள்வது. இப்போது இருப்பது அவளுடைய போன்.

"பேரு ஜன்னல். பாஸ்வேர்டு ஒன்னுல இருந்து எட்டு வரைக்கும். திருடன் வந்தா எழுதி வச்சுக்கக்கூட வேணாம்," என்று சொல்லிச் சிரித்தாள்.

சின்னவளுக்கு அது தெய்வம் கொடுத்த வரமாகப் பட்டது. அக்காவின் பையனுக்கு நான்கு வயது. ஊர் உலகத்துக்கெல்லாம் அவன் வாண்டுதான். அம்மாவின் குரல் காதில் விழாமல் அவன் தூங்கிய நாளே கிடையாது. குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று வார்டு வாசலிலேயே பலகை தொங்கியது. மாமா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டாக்டரோ அக்காவைப் பற்றி ஒரு வார்த்தையும் உறுதியாகச் சொல்லவில்லை. குடலில் சீழ் வைத்துவிட்டது, காய்ச்சல் இறங்க வேண்டும், பார்க்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் 'பார்க்கலாம்' சின்னவளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

அன்று பொழுது சாயும் நேரத்தில், ஜன்னல் போனில் ஒட்டிக்கொண்டு, அக்காவின் போனிலிருந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டாள்.

"அம்மா, உன் வயித்துல ஜிப்பு வச்சிருக்காங்களாமே? அப்பா சொன்னாரு. காட்டு."

அக்கா சிரிக்கப் பார்த்தாள். வலித்தது. ஆனாலும் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சின்னவள் போர்வை நுனியைச் சரிசெய்வதுபோலக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பேச்சு ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது என்று மனதுக்குள் முடிந்துவைத்துக்கொண்டாள்.

சில நாளில் தையல்காரம்மாவின் மருமகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூட்டை முடிச்செல்லாம் கட்டியான பிறகும் தையல்காரம்மா ஜன்னல் போனை எடுக்கவில்லை. சின்னவளைக் கூப்பிட்டு, அவள் போனில் ஹாட்ஸ்பாட் போடச் சொன்னாள். அதே பெயர், அதே பாஸ்வேர்டு. அதைத் திட்டில் தன்னுடையதற்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் தன்னுடையதை எடுத்தாள்.

"நீயும் போகும்போது இப்படித்தான் செய்யணும் கண்ணு. அடுத்தது வச்ச பிறகுதான் இதை எடுக்கணும். ஜன்னல் ஒரு நிமிஷம்கூடக் காலியா இருக்கக் கூடாது. பேரையும் மாத்தக் கூடாது."

"பேர மாத்தினா என்ன?"

"எனக்குக் கொடுத்தவங்க அப்படிச் சொன்னாங்க. அவங்களுக்குக் கொடுத்தவங்களும் அப்படித்தானாம். எத்தனை வருஷமாவோ இந்தப் பேருதான், இந்த நம்பர்தான். யாரு போனு மாறினாலும் ஜன்னல் மாறாது." தையல்காரம்மா அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பெயர் மாறாவிட்டால் நல்லதுதான், எல்லாரும் மறுபடி பாஸ்வேர்டு போட வேண்டியதில்லை என்றுதான் சின்னவள் அப்போது நினைத்தாள். தெரிந்த பெயரும் தெரிந்த நம்பரும் கண்ணில் பட்டால் போன் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை ஒட்டியது எப்போதும் ஒட்டும்.

எத்தனை வருஷத்துப் போன்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை.

பொறுப்பு கைக்கு வந்த பிறகுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. காலையில் நிறைந்திருக்கும் டேட்டா, பகலெல்லாம் சிக்கனமாகப் போய், பொழுது சாயும்போது மடை திறந்த மாதிரி வடிந்தது. யாரோ நீளமாக வீடியோ கால் பேசுகிறார்கள். யார் என்று தெரியவில்லை. சின்னவள் முதலில் வாசல் காவல்காரரைச் சந்தேகப்பட்டாள். பிறகு மருந்துக் கடைப் பையனை. பிறகு, ஒரு நாள் முழுக்க, ஒன்றுமறியாத எக்ஸ்ரே எடுக்கிறவரை முறைத்துக்கொண்டு திரிந்தாள்.

கடைசியில் தன் போனில், யார் யார் ஒட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்து பார்த்தாள். பெரும்பாலும் போன் கம்பெனிப் பெயர்கள். ஒன்று மட்டும் யாரோ ஆசையாக வைத்த பெயர்.

அம்மா.

கட்டில் கட்டிலாகப் போய் ஒவ்வொருவர் போனையும் பார்த்துச் சரிபார்த்தாள். எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் கிடைத்தார்கள். அதற்கு மட்டும் கிடைக்கவில்லை. "யாரு போனுக்கு அம்மான்னு பேரு?" என்று பொதுவாகக் கேட்டாள்.

இடுப்பெலும்பு முறிந்து எதிர்க் கட்டிலில் படுத்திருந்த பேங்க் அம்மா, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "இங்க எல்லாருமே யாருக்காவது அம்மாதான். நீ ஒருத்திதான் பாக்கி," என்றாள். வார்டே சிரித்தது. அக்காகூடச் சிரித்தாள்.

சின்னவளும் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரைத் தொட்டு, 'தடை செய்' என்பதை அழுத்தினாள். பட்டியலில் இருந்து அது போய்விட்டது.

மின்விசிறிகள் எல்லாம் ஒரு சுற்றுத் தயங்கின மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எதிர்முனையில் மணி அடிக்கும்போது நம் காதில் விழுமே, அந்தச் சத்தம். டூ... டூ... இடைவெளி விட்டு. யாரோ எடுப்பார்கள் எடுப்பார்கள் என்று காத்திருக்கிற சத்தம். மிகவும் மெல்லியதாக, ஜன்னலை ஒட்டிய மூலையில் இருந்து வந்தது. அங்கே ஒரு கட்டில் இருந்தது. ஆனால் அதில் மெத்தை இல்லை, வெறும் கம்பிதான். வார்டு நிரம்பி வழிந்த நாளிலும் அதில் யாரையும் போடவில்லை.

சின்னவள் போனை எடுத்துப் பார்த்தாள்.

அம்மா, மறுபடி ஒட்டியிருந்தது.

மூலையில் இருந்து வந்த சத்தம் நின்றது.

இரண்டு நாள் கழித்து, நடுப்பகலில் அக்காவின் காய்ச்சல் கிடுகிடுவென்று ஏறியது. பற்கள் கிட்டித்தன. சிஸ்டர்கள் ஓடி வந்தார்கள். அதே கிறீச் சக்கரத் தள்ளுவண்டியில் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். கழுத்துச் சங்கிலியும் போனும் சின்னவளின் கையில் கொடுக்கப்பட்டன. அக்காவின் போனை அணைத்து, பைக்குள் அடியில் போட்டாள். தன் போன் ஜன்னலிலேயே இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பொழுது சாய்ந்ததும் தெரியாமல், விடிந்ததும் தெரியாமல் கிடந்தாள். வாண்டுவுக்குப் பேச வேண்டும் என்ற ஞாபகமே வரவில்லை.

காலையில் வார்டுக்கு வந்து போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள். எப்படிச் சொல்வது என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே அவர் முந்திக்கொண்டார். குரலில் தெம்பு இருந்தது. "இப்ப எப்படி இருக்கா? நேத்து ரொம்ப நேரம் பேசிட்டா. அவ்வளவு பேச விடாத அவள. உடம்பு அசந்து போயிடும்ல?"

"யாரு பேசினா மாமா?"

"யாரா? உங்க அக்காதான். அவ நம்பர்லேருந்துதான் வந்துச்சு. படம்தான் வரல, ஒரே இருட்டு. பேசிட்டே இருந்தா, இவன் தூங்கிட்டான்."

சின்னவள் பைக்குள் கையை விட்டாள். அக்காவின் போன் அடியில் இருந்தது. அணைத்தபடிதான் இருந்தது. சில்லென்று இருந்தது, தண்ணீரில் போட்டு எடுத்த மாதிரி.

வாண்டு போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். வாயை ஒட்டி வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி கத்தினான். "சித்தி, அம்மா ஏன் என்னைச் சின்னின்னு கூப்பிடறா?"

 காய்ச்சல்ல உளறியிருப்பா செல்லம் என்று எதையோ சொல்லி வைத்தாள்.

வார்டைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயா, 'சின்னி' என்ற சொல் கேட்டு விளக்குமாற்றை நிறுத்தியதை அவள் பார்த்தாள். விடவில்லை. பின்னாலேயே போய், குழாயடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஆயா முதலில் எனக்கென்ன தெரியும் என்றாள். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

பல வருஷத்துக்கு முன்னால், அந்த மூலைக் கட்டிலில் ஒருத்தி நீண்ட நாள் கிடந்தாளாம். துணைக்கு யாரும் இல்லை. வீட்டில் சின்னப் பெண் குழந்தை, அதைப் பார்த்துக்கொள்ளவே ஒரு ஆள் வேண்டியிருந்தது. தினம் பொழுது சாயும்போது ஜன்னல் போனில் ஒட்டிக்கொண்டு சின்னி சின்னி என்று பேசுவாள். அந்தப் பேச்சுதான் அவளைப் பிடித்து வைத்திருக்கிறது என்று டாக்டரே சொன்னாராம். ஒரு நாள் மத்தியானம், ஜன்னலில் போன் வைத்திருந்தவர்களுக்கு வீட்டுக்குப் போகச் சீட்டுக் கிடைத்தது. போகிற சந்தோஷத்தில் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்தது யார் வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. அன்று பொழுது சாயும்போது அவள் கட்டிலிலிருந்து இறங்கி, ஜன்னல் வரை எப்படியோ வந்து, கண்ணாடியில் போனை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். டூ டூ என்று அடித்துக்கொண்டே இருந்ததாம். யாரும் எடுக்கவில்லை.

"நின்னுட்டே போயிட்டா," என்றாள் ஆயா. "அன்னையிலேருந்துதான் ஜன்னல் காலியா இருக்கக் கூடாதுன்னு வச்சது. அவ யாரையும் ஒன்னும் பண்ணதில்ல பாப்பா. வருவா, பேசுவா, போயிடுவா."

"பேசறது எங்க அக்கா புள்ளகிட்ட ஆயா."

"அவ பொண்ணு இந்நேரம் வளந்து போயிருக்கும்ல. யாரு எடுக்கறாங்களோ அவங்ககிட்ட பேசறா."

அதை ஆயா சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. மற்றவர்களுக்கு என்னவோ, அவளுக்கு வாண்டு விட்டுக்கொடுக்கக் கூடியவன் அல்ல. அக்கா உள்ளே செத்துப் பிழைத்துக்கொண்டிருக்க, யாரோ ஒருத்தி அவள் நம்பரில், அவள் குரலில், அவள் பிள்ளையைத் தாலாட்டித் தூங்க வைப்பதா?

நேராக ஜன்னலுக்குப் போனாள். ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்றினாள். பாஸ்வேர்டையும் மாற்றினாள். கட்டில் கட்டிலாகப் போய் எல்லாருக்கும் புதுப் பெயரைச் சொன்னாள். பேங்க் அம்மா முணுமுணுத்தாள், நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது என்று. பட்டியலில் ஒவ்வொன்றாக எல்லாப் போன்களும் வந்து சேர்ந்தன. அது மட்டும் வரவில்லை.

பொழுது சாய்ந்தது.

சின்னவள் பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே வானம் காயம்பட்ட தோல்போல நிறம் மாறியது. மூலையில் டூ டூ என்று கேட்கும் என்று காதைக் கொடுத்தாள். கேட்கவில்லை. வெற்றுக் கட்டில் கம்பியும் அசையவில்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.

விட்ட மூச்சு கண்ணாடியில் பனியாகப் படிந்தது.

அந்தப் பனியில், அவள் முகத்துக்கு நேராக, ஒரு உள்ளங்கையின் தடம் தெரிந்தது. உள்பக்கத்தில் இருந்து வைத்த கை.

அவளுடையது அல்ல. விரல்கள் நீளமாக இருந்தன.

பின்னால் செருப்புச் சத்தம். துள்ளித் திரும்பினாள். தீவிர சிகிச்சைப் பிரிவு சிஸ்டர் வேகமாக வந்துகொண்டிருந்தாள்.

"நீங்கதானே அந்த வயித்து ஆபரேஷன் கேஸுக்குத் துணை? கொஞ்சம் வாங்க. திடீர்னு எழுந்து உக்காந்துட்டாங்க, ஊசிய எல்லாம் பிடுங்கறாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருக்காங்க. யாரது சின்னி? அவங்க பொண்ணா? ஒரு தடவை குரலக் கேக்க வச்சீங்கன்னா அடங்குவாங்க."

சின்னவள் திரும்பி ஜன்னல் போனை எடுத்தாள்.

அக்காவுக்குப் பெண் இல்லை.

அவசரத்தில் எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன. அழித்து மறுபடி அடித்தாள். ஜன்னல். ஒன்றிலிருந்து எட்டு வரை. 'சேமி' என்பதை அழுத்தினாள். பட்டியல் ஒரு கணம் காலியாக இருந்தது. பிறகு, மற்ற எல்லாருக்கும் முன்னால், வாசலில் காத்துக்கொண்டே நின்றவளைப் போல அது வந்தது.

அம்மா.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அக்கா படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. சிஸ்டர் ஆச்சரியத்தோடு, இப்போதுதான் சட்டென்று சாய்ந்தார்கள் என்றாள். சின்னவள் அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வேர்த்திருந்தது. காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது.

அதற்குப் பிறகு சின்னவள் ஜன்னல் போனின் பெயரையோ பாஸ்வேர்டையோ தொடவே இல்லை. அக்கா வார்டுக்குத் திரும்பி வந்தாள். தையல் காய்ந்தது, கஞ்சி இறங்கியது, எழுந்து நாலடி நடந்தாள். தினம் பொழுது சாயும்போது வாண்டுவோடு பேசினாள். அவள் பேசி முடித்து வைத்த பிறகும் டேட்டா வடிந்துகொண்டே இருந்தது. வீட்டில் வாண்டு பேசுகிற டேப்லெட் மறுபடி அடிக்கும், அவன் அதைத் தூக்கிக்கொண்டு போர்வைக்குள் போய்விடுவான், இப்பல்லாம் சமத்தாத் தூங்கறான் என்று மாமா பெருமையாகச் சொன்னார். சின்னவள் ம் கொட்டினாள். இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போய்விட்டால் எல்லாம் இங்கேயே நின்றுவிடும். ஜன்னலும், மூலைக் கட்டிலும், அதுவும். அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகச் சொன்ன அன்று, மறக்காமல் முறைப்படி செய்தாள். பேங்க் அம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதே பெயர், அதே நம்பர் வைத்து, திட்டில் தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள். வேலை செய்கிறதா என்று பார்த்தாள். தன் போனை எடுத்துப் பைக்குள் போட்டாள். அதற்குள் மாமா வாசலில் கார் நிற்க விட மாட்டேன் என்கிறார்கள் என்று ஆள் அனுப்பினார். அக்காவைப் பிடிக்க வேண்டும், மருந்துப் பையைப் பிடிக்க வேண்டும், ஆயாவிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். ஆயா மூலைக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னவோ தேடுகிறவள்போல.

அக்கா முன் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தாள். சின்னவள் பின்னால், பைகளோடு. கார் நகர்ந்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டில் புன்னகை இருந்தது. நாலு தெருத் தாண்டியதும்தான் சின்னவளுக்குத் தொடையில் சூடு உறைத்தது. பைக்குள் போன் அனலாகக் கொதித்தது.

எடுத்துப் பார்த்தாள்.

ஹாட்ஸ்பாட்டை அணைக்கவே இல்லை.

இரண்டு ஜன்னல் போன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. எதில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறதோ, போன் அதைவிட்டு இறங்காது. அதை எடுத்துக்கொண்டு போன பக்கமெல்லாம் கூடவே வரும். வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டாத தூரத்துக்கு வந்ததும் பட்டியலில் இருந்து விழுந்துவிட்டார்கள். ஹாட்ஸ்பாட் என்ன, ஒரு கூடத்தைத் தாண்டினாலே அறுந்துவிடுகிற நூல்.

பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது.

அம்மா.

அவளும் பைகளும் போக, பின் இருக்கையின் மறுகோடி காலியாக இருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமலே இருந்தாள். பூட்டியே கிடந்த அலமாரியைத் திறந்தால் வருகிற வாடை.

அணைத்துவிடலாம் என்று விரல் போனது. முன் இருக்கையில் அக்காவின் தலை மெல்ல ஆடியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் எழுந்து உட்கார்ந்து ஊசியைப் பிடுங்கியது யார் என்று அவளுக்குத் தெரியும். விரலை எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் திரையின் மூலையில் சிவப்பாக இருந்ததைக் கவனித்தாள். சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. சார்ஜர் ஜன்னல் திட்டிலேயே செருகியபடி இருந்தது. காரில் இருந்த வயரைப் பிடுங்கிப் பார்த்தாள். முனை வேறு.

"மாமா, ஒரு கடையில நிறுத்துங்க. சார்ஜர் வாங்கணும்."

"வீடு வந்தாச்சு, இன்னும் ரெண்டு திருப்பம். உங்க அக்காவ கார்ல உக்கார வச்சுட்டு நீ கடைக்குப் போறியா?"

"மாமா, ப்ளீஸ்."

"அவன் வாசல்லயே நிக்கறான்னு பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணிட்டாங்க. அப்புறம் வாங்கிக்கலாம்."

திரை மங்கியது. சின்னவள் அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள், குருவிக் குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. கார் திரும்பியது. மறுபடி திரும்பியது. கேட்டுக்கு முன்னால் பிரேக் போட்ட அதே நேரத்தில், போன் ஒரு தடவை அதிர்ந்து கறுத்தது.

பொழுது சாயும் நேரம்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அக்காவையே பார்த்தாள். மாமா இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தார். அக்கா கண் விழித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால்களை வெளியே போட்டு, கேட்டுப் பக்கம் பார்த்தாள். அங்கே வாண்டு நின்றிருந்தான். கையில் டேப்.

அக்காவின் உதடு பிரிந்தது. சின்னி என்ற அந்தப் பெயர், அவள் சொல்வதற்கு முன்பே சின்னவளின் காதில் விழுந்துவிட்டது.

"வாண்டு," என்றாள் அக்கா. "வாடா என் ராசா."

அவளேதான். அக்காவேதான். சின்னவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். ஒன்றும் இல்லை. எல்லாம் முடிந்தது. போன் அணைந்தது, அதோடு அறுந்தது.

வாண்டு நகரவில்லை.

"டேய், அம்மாடா. வா." அக்கா இரண்டு கையையும் விரித்தாள். "பாரு, ஜிப்பு காட்டறேன்."

அவன் யாரோ விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வெட்கத்தோடு டேப்பைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மாமா, போடா அம்மாகிட்ட, என்று முதுகில் தட்டினார்.

பிறகு அவன் தலையைச் சாய்த்தான். தூரத்திலிருந்து யாரோ கூப்பிட்டால் குழந்தைகள் சாய்ப்பார்களே, அப்படி. மற்ற யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் முகம் விளக்குப் போட்டாற்போல் மலர்ந்தது.

"இதோ வரேம்மா."

ஓடி வந்தான். அக்காவின் விரித்த கைகளுக்குப் பக்கத்தில், அவற்றைத் தொடாமல், நேராகத் தாண்டி ஓடி, காரின் பின் கதவைத் திறந்து ஏறினான். சின்னவளுக்கு மறுகோடியில், காலி இடத்தில் சுருண்டு, ஒருக்களித்துப் படுத்து, கட்டை விரலை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னடா இது?" என்று மாமா சிரித்தார். அக்காவின் கைகள் இன்னும் விரிந்தபடியே இருந்தன.

சின்னவள் மட்டும் அருகில் இருந்து பார்த்தாள்.

குழந்தையின் தலை இருக்கையில் படவில்லை. அதற்கு ஒரு மடி உயரம் மேலே இருந்தது. நெற்றியில் விழுந்திருந்த முடி, மெல்ல மெல்ல, தானாக ஒதுங்கிக்கொண்டிருந்தது.